தி கான்ஜுரிங் (2013): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பண்ணை வீடு ஒன்றில் குடியேறும் குடும்பத்தைப் பேய் ஆட்டிவைக்கும் கதைகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் ‘தி கான்ஜுரிங்’ இன்றும் பேசப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பயமுறுத்தும் வேலையை அது செய்கிற விதம். மற்றொன்று, ‘உண்மைச் சம்பவம்’ என்று அதன் நெற்றியில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டு. முதலாவதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்; இரண்டாவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பதில்களை எழுதுபவரின் கருத்து. முடிவைச் சொல்லிவிடும் கேள்வி எது என்பது அதன் தலைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

படத்தின் கதை என்ன?

கதை 1971-ஆம் ஆண்டில் நடக்கிறது. லாரி ஓட்டுநரான ரோஜர் பெரானும் அவருடைய மனைவி கரோலினும் ஐந்து பெண் குழந்தைகளோடும் ஒரு நாயோடும் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஹாரிஸ்வில் என்ற சிற்றூரை ஒட்டிய பழைய பண்ணை வீட்டுக்குக் குடிவருகிறார்கள். நாய் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுக்கிறது. மறுநாள் காலையில் செத்துக் கிடக்கிறது. வீட்டிலுள்ள கடிகாரங்கள் எல்லாம் அதிகாலை 3:07-க்கு நின்றுவிடுகின்றன. கரோலினின் உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன தழும்புகள் தோன்றுகின்றன. அழுகிய இறைச்சியின் நாற்றம் இடம் மாறி மாறி வீசுகிறது. தூங்கும் பெண்ணின் காலை யாரோ பிடித்து இழுக்கிறார்கள். பலகை அடித்து மறைக்கப்பட்டிருந்த நிலவறை ஒன்றும் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

வேறு வழி தெரியாத கரோலின், ஆவிகளை ஆராய்பவர்கள் என்று பெயர் பெற்ற எட் வாரன், லொரெய்ன் வாரன் தம்பதியின் சொற்பொழிவு முடிந்ததும் அவர்களைத் தேடிப்போய்க் கெஞ்சி அழைக்கிறார். அவர்கள் வந்து பார்த்த பிறகுதான், அந்த வீட்டில் இருப்பது தாயின் உடலுக்குள் புகுந்து அவள் கையாலேயே பிள்ளையைக் கொல்லவைக்கும் சக்தி என்பது புரியத் தொடங்குகிறது.

யார் எடுத்த படம், யார் நடித்தது?

இயக்கியவர் ஜேம்ஸ் வான். மலேசியாவின் கூச்சிங் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். ‘சா’, ‘இன்சிடியஸ்’ ஆகிய படங்களால் அதற்கு முன்பே அறியப்பட்டவர். திரைக்கதை எழுதியவர்கள் சாட் ஹேய்ஸ், கேரி ஹேய்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள். வாரன் தம்பதியாகப் பேட்ரிக் வில்சனும் வீரா ஃபார்மிகாவும், பெரான் தம்பதியாக ரான் லிவிங்ஸ்டனும் லிலி டெய்லரும் நடித்தார்கள். படப்பிடிப்பு நடந்தது ரோட் ஐலண்டில் அல்ல, வடக்கு கரோலைனா மாநிலத்தில். வீட்டின் உட்புறம் வில்மிங்டன் நகரிலுள்ள ஸ்டுடியோவில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 2013 ஜூலையில் வெளியான படம், உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இத்தனை நடந்தும் அந்தக் குடும்பம் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை?

பேய்ப்படம் பார்க்கும் எவரும் கேட்கும் கேள்வி இது. பல படங்கள் இதற்குப் பதில் சொல்லாமலே நழுவிவிடும். இந்தப் படம் இரண்டு பதில்கள் சொல்கிறது. முதல் பதில் பணம். கையிலிருந்த சேமிப்பையெல்லாம் அந்த வீட்டில் போட்டுவிட்ட குடும்பத்துக்கு வேறு இடம் பார்க்க வசதியில்லை; ஐந்து பிள்ளைகளுள்ள குடும்பத்தை யார் வீட்டில் போய்த் தங்கவைப்பது என்று ரோஜர் கேட்கும்போது பார்ப்பவருக்கும் பதில் கிடைப்பதில்லை. இரண்டாவது, அது வீட்டைப் பிடித்த பேய் என்பதைத் தாண்டிக் குடும்பத்தையே பற்றிக்கொண்டுவிட்டது, அவர்கள் எங்கே போனாலும் பின்தொடரும் என்று வாரன் தம்பதி சொல்லும் விளக்கம்.

முதல் பதில்தான் வலுவானது. உண்மையான பெரான் குடும்பமும் 1971 ஜனவரியில் குடிவந்து, பண வசதி இல்லாத காரணத்தால் 1980 வரை அங்கேயே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கடன்பட்டு வாங்கிய வீட்டுக்குள் ஒரு குடும்பம் சிக்கிக்கொள்வது படத்தின் அடிநாதமாகவே தெரிகிறது.

ரத்தமும் வெட்டுக்குத்தும் அதிகம் இல்லாத படத்துக்கு ஏன் ‘ஆர்’ சான்றிதழ்?

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கத்தக்க சான்றிதழை எதிர்பார்த்தே படம் எடுக்கப்பட்டது. கெட்ட வார்த்தைகள் கிடையாது, ஆபாசம் கிடையாது, ரத்தம் மிகக் குறைவு. ஆனாலும் அமெரிக்கத் தணிக்கைக் குழு, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்கள் துணையோடுதான் வர வேண்டும் என்னும் ‘ஆர்’ பிரிவைக் கொடுத்தது. இந்தக் காட்சியை வெட்டினால் போதும் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை, படம் முழுவதுமே பயமாக இருக்கிறது என்பதே காரணம் என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைத்திருக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அப்படி என்னதான் பயமுறுத்துகிறது?

வீடுதான். குடும்பம் சாமான்களை இறக்கும் தொடக்கக் காட்சியில் கேமரா அவர்களோடு சேர்ந்து உள்ளே நுழைந்து, கூடம், சமையலறை, மாடிப்படி என்று வெட்டில்லாமல் நீண்ட நேரம் சுற்றிவருகிறது. சந்தோஷமான காட்சி, பின்னணியில் பாட்டு வேறு ஒலிக்கிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்த மூலை இருட்டாக இருக்கும் என்பதை நம் மனம் நம்மை அறியாமலே குறித்துக்கொண்டுவிடுகிறது. பிறகு நள்ளிரவில் எங்கோ ஒரு சத்தம் கேட்கும்போது, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கரோலினுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது விளையாட்டு. கண்ணாமூச்சியின் ஒரு வகையை அந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்: கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுபவர் மூன்று முறை கைதட்டச் சொல்லிக் கேட்கலாம், ஒளிந்திருப்பவர் தட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பகலில் கரோலின் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார். கைதட்டல் அலமாரிக்குள்ளிருந்து கேட்கிறது. கதவு மெல்லத் திறக்க, தொங்கும் துணிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டு தட்டுகின்றன. கரோலின் சிரித்துக்கொண்டே துணிகளைத் துழாவுகிறார். அவர் தேடும் பெண்ணோ வேறு அறையில் ஒளிந்திருக்கிறாள். நல்ல வெளிச்சத்தில், பதற்றமூட்டும் இசை எதுவும் இல்லாமல், பயம் என்பதையே அறியாத ஒருவரின் முகத்தை நாம் பயத்தோடு பார்க்கும்படி அந்தக் காட்சி அமைந்திருக்கிறது. அதே விளையாட்டு நிலவறைப் படிக்கட்டின் இருட்டில், தீக்குச்சி வெளிச்சத்தில் திரும்ப வருகிறபோது, இயக்குநர் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

படத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், இந்தப் பதில்களை எழுதுபவர் அந்தக் கைதட்டல் காட்சியைச் சொல்லமாட்டார். கதவுக்குப் பின்னாலுள்ள இருட்டைத்தான் சொல்வார். காலை இழுத்தது யார் என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கும் கிறிஸ்டின், நிமிர்ந்ததும் அறைக் கதவின் பின்புறத்தைப் பார்த்து உறைந்துபோகிறாள். அங்கே யாரோ நிற்பதாகச் சொல்லி நடுங்குகிறாள். அவளுடைய அக்கா எழுந்துபோய் அதே இருட்டில் நின்று, இங்கே யாரும் இல்லையே என்கிறாள். அது உனக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று தங்கை அழுகிறாள். கேமரா அந்தக் கரும்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசிவரை ஒன்றையும் காட்டுவதில்லை. தியேட்டரில் அந்த இருட்டுக்குள் ஆளாளுக்கு ஓர் உருவத்தைக் கண்டிருப்பார்கள். கொடியில் காயப்போட்ட விரிப்பு காற்றில் பறந்து ஒரு கணம் மனித வடிவத்தின் மேல் படிந்துவிட்டுப் போகும் காட்சியும் இதே வகைதான்.

இசையமைத்த ஜோசஃப் பிஷாராதான் அந்தத் தீய சக்தியாக வரும் பாத்ஷிபா என்ற சூனியக்காரியின் வேடத்திலும் நடித்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பயத்தின் சத்தத்தையும் முகத்தையும் ஒரே ஆள் கொடுத்திருக்கிறார்.

3:07 மணிக்கும் மூன்று முறை தட்டப்படுவதற்கும் என்ன பொருள்?

இரண்டும் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தலைகீழாக்குபவை. மூன்று முறை தட்டுவது, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவத்தை இழிவுபடுத்தும் செயல் என்று எட் வாரன் பாத்திரம் விளக்குகிறது. இயேசு சிலுவையில் உயிர்விட்டது பிற்பகல் மூன்று மணி என்பது மரபு. அதற்கு நேரெதிரான அதிகாலை மூன்று மணி தீய சக்திகளுக்குரியது என்று மேற்கத்தியப் பேய்க்கதைகள் சொல்லும். அந்தக் கூடுதல் ஏழு நிமிடம் கதைக்குள் சூனியக்காரி இறந்த நேரம்.

பாத்ஷிபா என்ற சூனியக்காரி உண்மையில் இருந்தாரா?

பாத்ஷிபா ஷெர்மன் என்ற பெண் இருந்தார். சூனியக்காரியாக இருந்தார் என்பதற்குத்தான் எந்த ஆவணமும் இல்லை.

படம் சொல்வது இது: மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் (நம் சேலம் அல்ல) 1692-இல் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் தூக்கிலிடப்பட்ட மேரி ஈஸ்டியின் உறவினர் பாத்ஷிபா, பிறந்து ஒரு வாரமே ஆன தன் குழந்தையைச் சாத்தானுக்குப் பலியிட முயன்று கணவனிடம் பிடிபட்டார், வீட்டெதிரே இருந்த மரத்தில் ஏறி, தன் நிலத்தை எடுப்பவர்களையெல்லாம் சபித்துவிட்டுத் தூக்கில் தொங்கினார்.

பதிவேடுகள் காட்டும் பாத்ஷிபா 1812-இல் பிறந்து, அந்த வட்டாரத்திலேயே விவசாயக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, எழுபது வயதைத் தாண்டி 1885-இல் இறந்த ஒரு சாதாரணப் பெண். தூக்கில் தொங்கவில்லை. படத்தின் கதைக்களமான வீட்டில் அவர் வாழ்ந்ததற்கும் சான்று கிடையாது. அவருடையது அக்கம்பக்கத்துப் பண்ணை. தன் பொறுப்பிலிருந்த குழந்தை ஒன்றின் சாவுக்கு அவர் காரணம் என்று ஊரில் ஒரு வதந்தி உலவியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதை உறுதிப்படுத்தும் வழக்குப் பதிவு எதையும் உள்ளூர் வரலாற்றைத் தேடியவர்கள் கண்டெடுக்கவில்லை.

படம் வெளிவந்த பிறகு, ஹாரிஸ்வில் மயானத்திலுள்ள அவருடைய கல்லறைக் கல் வந்துபோகிறவர்களால் சேதப்படுத்தப்பட்டது. மேரி ஈஸ்டியைக் கொன்றது ஆதாரமில்லாத ஊர்ப்பேச்சு என்பதை வரலாறு ஒப்புக்கொண்டுவிட்டது. அதே ஈஸ்டியின் பெயரைச் சாட்சிக்கு இழுத்து இன்னொரு பெண்ணின் மீது அதே பழியைப் போடுவதில் உள்ள முரண் திரைக்கதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லையா என்பது புரியவில்லை. கற்பனைப் பெயர் ஒன்றை வைத்திருந்தால் படத்தில் ஒரு காட்சிகூடக் கெட்டுப்போயிருக்காது.

அப்படியானால் மற்றவை உண்மைச் சம்பவங்களா?

பெரான் குடும்பம் உண்மையானது, வீடு உண்மையானது, வாரன் தம்பதி அங்கே போனதும் உண்மை. அந்த வீட்டில் தாங்கள் பல அனுபவங்களுக்கு ஆளானதாகக் குடும்பத்தினர் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். மூத்த மகள் 2011 முதல் மூன்று பாகங்களாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் கதையும் படம் சொல்லும் கதையும் முக்கியமான இடங்களில் பிரிகின்றன.

அவருடைய கூற்றுப்படி அங்கே இருந்த ஆவிகள் எல்லாம் கெடுதல் செய்தவை அல்ல. பல அவர்களோடு சேர்ந்தே வாழ்ந்தன. படத்தில் வருவது போன்ற பேயோட்டும் சடங்கு நடக்கவே இல்லை. நடந்தது, ஆவிகளோடு பேசுவதற்காக வாரன் தம்பதி ஏற்பாடு செய்த ஓர் அமர்வு. அதில் தன் தாய் தன் குரலல்லாத குரலில் பேசியதாகவும், நாற்காலியோடு தூக்கியெறியப்பட்டதாகவும், அதைக் கண்டு கொதித்த தந்தை வாரன் தம்பதியை வீட்டைவிட்டு வெளியேற்றியதாகவும் அவர் எழுதுகிறார். அதாவது, படத்தில் மீட்பர்களாக வருபவர்கள் குடும்பத்தின் நினைவில் பிரச்சினையைப் பெரிதாக்கிவிட்டுப் போனவர்கள். அதற்குப் பிறகும் குடும்பம் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தது. சில நாட்களுக்குள் எல்லாம் தொடங்கி முடிந்துவிடுவது திரைக்கதையின் வசதி.

குடும்பத்தினர் பொய் சொல்கிறார்கள் என்று இங்கே சொல்லவில்லை. ஒருவர் தான் அனுபவித்ததாக நம்புவது வேறு. அது நிரூபிக்கப்பட்டது என்பது வேறு. திரையில் வரும் ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்னும் வரி, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை அழித்துவிட்டு டிக்கெட் விற்கிறது.

வாரன் தம்பதி யார்? அவர்களை நம்பலாமா?

எட் வாரன் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர், ஓவியர், தம்மைப் பேயியல் வல்லுநர் என்று சொல்லிக்கொண்டவர். லொரெய்ன், மற்றவர் கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காணும் ஆற்றல் தமக்கு உண்டு என்று கூறிவந்தார். இருவரும் 1952-இல் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து பகுதியில் ஆவி ஆராய்ச்சிக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். எட் 2006-இலும் லொரெய்ன் 2019-இலும் காலமானார்கள். படத்தில் நடக்கும் ஒரு சொற்பொழிவில் பார்வையாளர்களுக்கு நடுவே உண்மையான லொரெய்னே அமர்ந்திருக்கிறார். கவனித்துப் பார்த்தால் தெரியும்.

அவர்களுடைய ஆதாரங்களை 1990-களில் நேரில் பரிசோதித்த நியூ இங்கிலாந்து ஐயுறவாளர் சங்கத்தினர், நம்பத்தகுந்ததாக ஒன்றுமே இல்லை என்று அறிவித்தார்கள். படம் அவர்களை அப்பழுக்கற்ற, ஒருவர் மீது ஒருவர் உயிரையே வைத்திருக்கும் தம்பதியாகக் காட்டுகிறது. வில்சன், ஃபார்மிகா இருவருடைய நடிப்பும் அவ்வளவு இயல்பாக இருப்பதால், படம் முடிகிற வரையிலாவது சந்தேகம் எழுவதில்லை. நடிகர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டை அசல் மனிதர்களுக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படத்தில் பேய் பிடித்ததாக வரும் அன்னாபெல் பொம்மை உண்மையிலும் அப்படித்தான் இருக்குமா?

இல்லை. உண்மையில் அது ‘ராகெடி ஆன்’ வகையைச் சேர்ந்த, சிவப்பு நூல் முடியும் முக்கோண மூக்கும் கொண்ட சாதாரணத் துணிப் பொம்மை. கனெடிகட் மாநிலத்தின் மன்ரோ ஊரிலிருந்த வாரன் தம்பதியின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. படத்துக்காகத்தான் அந்த வெளிறிய முகமும் உறைந்த சிரிப்பும் உருவாக்கப்பட்டன.

முடிவு எப்படி? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்க்கவும்)

தாயின் உடலுக்குள் புகுந்த சக்தி பிள்ளைகளைக் கொல்ல முயல்கிறது. முறைப்படி பேயோட்டுவதற்குத் திருச்சபையின் அனுமதி வர நேரமாகும் என்பதால், பாதிரியாரல்லாத எட் தாமே நிலவறையில் அந்தச் சடங்கைச் செய்கிறார். கடைசியில் லொரெய்ன் கரோலினின் நினைவைத் தொட்டு, குடும்பத்தோடு கடற்கரையில் கழித்த ஒரு நாளை அவருக்குக் காட்டி மீட்கிறார். அந்தக் கடற்கரை நாளைப் பற்றிக் கரோலின் முன்பே லொரெய்னிடம் புகைப்படத்தைக் காட்டிப் பேசியிருப்பதால், மந்திரம் செய்யாததைப் பாசம் செய்தது என்பது திடீரென்று ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை.

ஆனாலும் இந்தக் கடைசிப் பகுதி முன்பகுதியின் தரத்தில் இல்லை. நாற்காலி மேலே எழும்புகிறது, பறவைகள் வந்து மோதுகின்றன, ஆளாளுக்குக் கத்துகிறார்கள். காட்டாமல் வைத்து நடுங்கவைத்த படம், எல்லாவற்றையும் காட்டத் தொடங்கியதும் மற்றப் பேயோட்டும் படங்களில் ஒன்றாகிவிடுகிறது. அதைத் தாங்கி நிறுத்துவது லிலி டெய்லர் மட்டுமே. முகத்தின் பெரும்பகுதி விரிப்பால் மூடப்பட்ட நிலையிலும் குரலையும் உடம்பையும் வைத்தே, உள்ளே இரண்டு பேர் மல்லுக்கட்டுவதை அவர் உணர்த்திவிடுகிறார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ஆபாசம் இல்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. தூங்கும் குழந்தைகள், கட்டிலுக்கடி, அலமாரி, தன் பிள்ளையையே கொல்ல வரும் தாய் ஆகியவைதான் படத்தின் கருவிகள்; சிறுபிள்ளைகள் தினமும் புழங்கும் இடங்களையே அது குறிவைக்கிறது.

அந்த வீடு இப்போதும் இருக்கிறதா? போய்ப் பார்க்க முடியுமா?

இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த வீடு படத்தில் காட்டப்படும் வீட்டைவிடச் சிறியது, பார்வைக்கு எளிமையானது. படம் வெளிவந்ததும் நள்ளிரவில் வந்து எட்டிப்பார்ப்பவர்களும் வேலி தாண்டுபவர்களும் பெருகியதால், அப்போதைய உரிமையாளர்கள் 2015-இல் படத்தின் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-இல் 4,39,000 டாலருக்கு விற்கப்பட்ட அதே வீடு 2022-இல் 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இடைப்பட்ட காலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு இரவில் தங்கவும் ஆட்களை அனுமதித்தார்கள். போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அது ஒரு சாதாரணக் கிராமத்துச் சாலை.

தொடர்ச்சிப் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வாரன் தம்பதியை மையமாகக் கொண்ட படங்கள் 2013, 2016, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் வந்தன. முதல் இரண்டை வான் இயக்கினார். பிந்தைய இரண்டையும் மைக்கேல் சாவேஸ் இயக்கினார். அன்னாபெல் பொம்மை, இரண்டாவது படத்தில் வரும் பேய்க் கன்னியாஸ்திரி ஆகியோரை வைத்துக் கிளைப்படங்களும் உண்டு; முதல் அன்னாபெல் படத்தை இயக்கியவர் இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரான ஜான் லியோனெட்டி. கதை நடக்கும் கால வரிசையைத் தேடி அலைய வேண்டாம், வெளியான வரிசையே போதும். எல்லாவற்றுக்கும் நேரமில்லாதவர்கள் முதல் படத்தையும், லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் 1977-இல் நடப்பதாக வரும் இரண்டாவது படத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். கிளைப்படங்களில் பார்க்கத் தகுந்தது 2017-இல் வந்த ‘அன்னாபெல்: கிரியேஷன்’. அதுவும் ஒரு பண்ணை வீட்டுக் கதைதான்.